‘என் மகனின் இதய ஓட்டைக்கு நான்தான் காரணமா?’

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு வயது 34. ஐந்து மாத ஆண் குழந்தையின் தந்தை. குழந்தை பிறந்தபோது எடை மூன்று கிலோ. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் ஒரு மாற்றம். பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி முத்து முத்தாக வியர்த்தது. இரண்டு நிமிடம் குடிக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி குடிக்கும். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஐந்து மில்லிமீட்டர் ஓட்டை இருப்பது தெரிந்தது. இப்போது மருந்து கொடுக்கிறார்கள். எடை ஏறவில்லையென்றால் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இவர் நாளுக்குப் பத்து சிகரெட் புகைப்பவர். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு ஐந்தாறு பெக். குழந்தை உருவான மாதங்களிலும் இதில் மாற்றமில்லை. மனைவி கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்திவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். மனைவிக்குப் புகைப்பழக்கம் கிடையாது. கர்ப்பம் தெரியாத நாட்களில் ஒரு விருந்தில் இரண்டு கோப்பை ஒயின் குடித்திருக்கிறார். அது அவருடைய மாமியார், அதாவது கடிதம் எழுதியவரின் அம்மா, காதுக்குப் போய்விட்டது. ‘தாய் குடித்தது பிள்ளை நெஞ்சில் வந்து விழுந்திருக்கிறது’ என்று அவர் போகிறபோக்கில் சொன்னதிலிருந்து மனைவி அழாத நாளில்லையாம்.

இந்த நிலையில் இரண்டு வாரங்களுக்கு முன் இவர் ஒரு செய்தியைப் படிக்கிறார். கருத்தரிப்பதற்கு முன் தந்தை குடித்தால் குழந்தைக்குப் பிறவி இதயக் குறைபாடு வரும் ஆபத்து 44 சதவீதம் கூடுகிறது என்கிறது அது. ‘படித்ததிலிருந்து தூக்கமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று சிகரெட் முடிந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறார். அவர் கேட்பவை: காரணம் நானா? ஐந்தாம் மாத ஸ்கேனிலும் பிறந்த அன்றும் ஏன் இது தெரியவில்லை? அடுத்த குழந்தைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? அதற்கும் இதே குறை வருமா?

மருத்துவரின் பதில்

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் விட்டவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, அந்த மூன்று சிகரெட். இன்னொன்று, மனைவி அழுதுகொண்டிருக்க நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது. இரண்டுக்கும் வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் படித்தது 2019இல் ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் பிரிவென்டிவ் கார்டியாலஜி’ என்ற இதழில் வந்த ஆய்வு. சீனாவின் சென்ட்ரல் சவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், அதுவரை வெளியாகியிருந்த 55 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தந்தை குடித்திருந்தால் ஆபத்து 44 சதவீதமும், தாய் குடித்திருந்தால் 16 சதவீதமும் கூடியிருந்தன. ஒரே அமர்வில் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடிக்கும் தந்தையரிடம் அது 52 சதவீதம். அதே ஆண்டு அதே இதழில் புகையைப் பற்றிய ஆய்வும் வந்தது. 125 ஆய்வுகளின் தொகுப்பு அது. தந்தை புகைத்தால் 74 சதவீதம், தாய் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தால் 124 சதவீதம், தாயே புகைத்தால் 25 சதவீதம் என்று சொன்னது.

கடைசி இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். நேரடியாகப் புகைப்பதைவிட அடுத்தவர் புகையைச் சுவாசிப்பது ஐந்து மடங்கு மோசம் என்றா அர்த்தம்? இருக்க வாய்ப்பில்லை. கர்ப்பிணிகளிடம் ‘புகைத்தீர்களா’ என்று கேட்டால் எல்லோரும் உண்மையைச் சொல்வதில்லை. குறையோடு குழந்தை பெற்ற தாய் பழையதை ஒவ்வொன்றாகத் தோண்டி நினைவுபடுத்திச் சொல்வாள். நலமான குழந்தையின் தாய்க்கு அந்த அவசியமே வருவதில்லை. குடிப்பவர்களில் பலர் புகைப்பவர்களாகவும் இருப்பதால் எது எதனால் வந்தது என்று பிரிப்பதும் கடினம். இந்த ஆய்வுகள் பழக்கத்துக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டுகின்றன. அந்தத் தொடர்பை நான் நம்புகிறேன். ஆனால் எண்களின் கடைசி இலக்கம்வரை நம்ப வேண்டியதில்லை.

44 சதவீதம் என்றால் எத்தனை குழந்தைகள்?

44 சதவீதம் என்று படித்ததும், குடிக்கிற தந்தையருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 44 பேருக்கு இதயக் குறை வரும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கடிதத்திலும் அந்தத் தொனி இருக்கிறது. கணக்கு அப்படியில்லை. எந்தப் பழக்கமும் இல்லாத வீடுகளிலும் 1000 குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளுக்கு ஏதோ ஓர் இதயக் குறைபாடு இருக்கும். பிறவிக் குறைபாடுகளில் மிக அதிகம் காணப்படுவதே இதுதான். 44 சதவீதம் கூடினால் அந்தப் பத்து, பதினான்காகும். மீதி 986 பேர் குடிக்கிற தந்தைக்குப் பிறந்தும் இதயத்தில் குறையில்லாதவர்கள்.

அந்தப் பதினான்கு குழந்தைகளையும் என் முன்னால் படுக்க வைத்து, ‘தந்தை குடிக்காமல் இருந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய நான்கு பேர் யார், எப்படியும் குறையோடு பிறந்திருக்கக்கூடிய பத்துப் பேர் யார்’ என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. எக்கோ கருவியாலும் சொல்ல முடியாது. புகையால் வந்த ஓட்டையும் மரபணுவால் வந்த ஓட்டையும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே ‘காரணம் நானா’ என்ற கேள்விக்கு என் பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக ‘இல்லவே இல்லை’ என்று சொல்ல மாட்டேன். பழி சொல்பவர்களோடு சேர்ந்து ‘ஆம்’ என்றும் சொல்ல மாட்டேன்.

இதயக் குறைபாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட முடிவதில்லை. குரோமோசோம் மாற்றங்கள் ஒரு பங்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறையும் இருக்கும். தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே இருந்த கட்டுப்படாத சர்க்கரை நோய், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா அம்மை, வலிப்புக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள், இவையெல்லாம் இன்னொரு பங்கு. மிச்சமுள்ளவை, பல சிறு காரணங்கள் ஒன்றுசேரும்போது வருபவை.

அந்த எட்டு வாரங்கள்

தந்தையின் பழக்கம் குழந்தையின் இதயம்வரை எப்படிப் போகும் என்று நீங்கள் ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். ‘கர்ப்பத்தைச் சுமப்பவள் அவள்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். அதற்குப் பின் அது வெளிவருவதற்குள் இன்னும் இரண்டு வாரம் சேரும். அதாவது கருத்தரித்த நாளில் பயன்பட்ட விந்தணு, அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் உடலில் வேலையைத் தொடங்கியது. அந்த மூன்று மாதமும் நீங்கள் குடித்ததும் புகைத்ததும் அது வளர்ந்த சூழல். புகை விந்தணுவின் டிஎன்ஏவில் முறிவுகளை உண்டாக்குகிறது என்பது நன்கு அறியப்பட்டது. முதிர்ந்த விந்தணுவுக்கு அந்த முறிவைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனும் கிடையாது, சுமந்துகொண்டு வந்துவிடும். மதுவைப் பொறுத்தவரை, டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலேயே எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மாறுகின்றன என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதரில் இதற்கான சான்று இன்னும் அவ்வளவு உறுதியாகவில்லை.

பிறகு தாயின் பக்கம். கருத்தரித்து 22ஆம் நாள் வாக்கில், கரு எள்ளளவு இருக்கும்போதே, இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அப்போது அது ஒரு குழாய்தான். அந்தக் குழாய் வளைந்து, மடங்கி, உள்ளே சுவர்கள் எழும்பி, எட்டாவது வாரம் முடிவதற்குள் நான்கு அறைகள் ஆகிவிடும். கீழறைகளுக்கு நடுவிலான சுவர் மேலும் கீழும் இருந்து வளர்ந்துவந்து கடைசியாக ஒரு சிறு இடத்தில் மூடிக்கொள்ளும். உங்கள் மகனுக்கு அந்த மூடல் நிறைவடையவில்லை. மாதவிலக்கு தள்ளிப்போய், சந்தேகம் வந்து, பரிசோதித்து உறுதி செய்யும் நாளில் பல பெண்களின் கருவில் இதயம் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும். ‘கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்தினேன்’ என்பது நல்லதுதான். ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை அது பாதி வேலை நடந்த பிறகு போட்ட வேலி.

ஸ்கேனில் தெரியாமல் போனதற்கும் பிறந்த அன்று தெரியாமல் போனதற்கும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். கருவில் இரண்டு கீழறைகளிலும் அழுத்தம் ஏறக்குறையச் சமம். ஓட்டை வழியாக ரத்தம் பீறிடாது. ஐந்தாம் மாதக் கருவில் இந்த ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருந்திருக்கும். நல்ல கைகளுக்கும் தப்பும். பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் இன்னும் உயர்ந்தே இருப்பதால் ஸ்டெதாஸ்கோப்பில் இதய இரைச்சலும் கேட்காது. அந்த அழுத்தம் சில வாரங்களில் படிப்படியாக இறங்கும். இறங்கியதும் இடது அறையின் ரத்தம் ஓட்டை வழியாக வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிரப்பும். மூச்சு வாங்குவதும் நெற்றி வியர்ப்பதும் அப்போதுதான் தொடங்கும். ஆறாவது வாரம் என்று நீங்கள் எழுதியிருப்பது பாடநூலில் உள்ளதைப் போலவே இருக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது நெற்றியைப் பார்த்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மனைவியாகத்தான் இருக்கும். நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இரண்டு கோப்பை ஒயின்

கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது. அதனால் குடிக்கவே வேண்டாம் என்கிறோம். அதற்காக, தெரியாத நாளில் குடித்த இரண்டு கோப்பையை இந்த ஓட்டைக்குக் காரணமாக எந்த மருத்துவரும் காட்ட மாட்டார். மது கருவைச் சிதைக்கும் நோய்க்கூறு ஒன்று இருக்கிறது; 1973 முதல் அதற்குத் தனிப் பெயரும் உண்டு. அதில் இதயச் சுவர் ஓட்டைகளும் வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் கர்ப்பம் முழுக்க அதிகம் குடித்த தாய்மாரின் குழந்தைகளிடம் காணப்படுவது. முகத்திலும் வளர்ச்சியிலும் வேறு அடையாளங்களோடு வருவது.

உங்கள் வீட்டில் இப்போது நடப்பது என்ன? நீங்கள் படித்த அதே செய்தியில் தாயின் எண் 16, தந்தையின் எண் 44. அது உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் தெரியாது. இரண்டு வாரமாக உங்கள் மனைவி இரண்டு கோப்பைக்காக அழுதுகொண்டிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தாறு பெக் குடித்தவர் பக்கத்து அறையில் தூக்கம் வராமல் படுத்திருக்கிறார். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். நீங்கள் கேட்டது மருத்துவ ஆலோசனை என்றாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் பயனில்லை.

மனைவியிடம் சொல்லுங்கள். ‘என்னால்தான் வந்தது’ என்று சொல்ல வேண்டாம். அது உண்மை என்று யாருக்கும் தெரியாது. மேலும் அப்படிச் சொன்னால் அவர் தன் அழுகையை நிறுத்திவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். ‘இப்படியொரு செய்தி படித்தேன், தந்தையின் பழக்கமும் கணக்கில் வருகிறது, உன்னிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது’ என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கோபப்படலாம். படட்டும். அம்மாவிடமும் நீங்களே பேச வேண்டும், மனைவியை அனுப்பக் கூடாது. ‘அம்மா, யாரால் வந்தது என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடியவில்லை. பழக்கத்தைப் பார்ப்பதாக இருந்தால் முதலில் என்னுடையதைத்தான் பார்க்க வேண்டும். இனி அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்’ என்றால் போதும். பெரும்பாலான மாமியார்களுக்கு மகன் வாயிலிருந்து வரும் இந்த மூன்று வாக்கியம், பத்து மருத்துவர்கள் சொல்வதைவிட நன்றாகக் கேட்கும்.

இன்னொன்று. பிரசவமாகி ஐந்து மாதங்களாகியும் தினமும் அழுகை என்றால் அதை மாமியார் சொன்ன வார்த்தையால் மட்டும் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய் இந்தக் காலத்தில்தான் வரும். குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

பால்கனியும் அந்த மூன்று சிகரெட்டும்

கருத்தரித்த மாதங்களில் புகைத்ததற்காக வருந்தி, அந்த வருத்தத்தோடு உட்கார்ந்து மூன்று சிகரெட் புகைத்திருக்கிறீர்கள். போன ஆண்டின் சிகரெட் உங்கள் மகனைப் பாதித்ததா என்று எனக்குத் தெரியாது. இன்றைய சிகரெட் பாதிக்கும் என்பது தெரியும்.

ஓட்டை வழியாகப் பாயும் ரத்தத்தால் அவன் நுரையீரல் ஏற்கெனவே நிறைந்து, கனத்து இருக்கிறது. மற்ற குழந்தைகளுக்குச் சாதாரணச் சளியாக வந்து போவது அவனுக்கு மூச்சுத்திணறலாகி மருத்துவமனைவரை கொண்டுபோகும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் அதிகம் வரும். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் ஆபத்தும் கூடும். அறுவை சிகிச்சை என்று வந்தால், புகைச்சூழலில் வளர்ந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்தின்போது மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும் சிக்கல் அதிகம். சளி பிடித்திருக்கிறது என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை நாங்கள் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் நுரையீரல் இன்னும் சில வாரம் அந்தக் கனத்தைத் தாங்க வேண்டும்.

பால்கனி போதாது. கதவு இடுக்கு வழியாகப் புகை உள்ளே வருவது ஒரு பக்கம். கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிடங்கள் உங்கள் மூச்சில் புகைத்துகள்கள் வந்துகொண்டிருக்கும். அந்த மூச்சோடுதான் உள்ளே வந்து குழந்தையைத் தூக்குகிறீர்கள். சட்டையில், விரல்களில், மீசையில் நிகோட்டின் படிந்திருக்கும். அவன் முகத்தைப் புதைத்துக்கொள்வது உங்கள் தோளில். வீட்டுக்கு வெளியே மட்டும் புகைப்பவர்களின் குழந்தைகளைச் சோதித்தாலும், நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள், புகைக்காத வீட்டுக் குழந்தைகளைவிட அதிகமாகவே இருக்கிறது. மின்சிகரெட்டுக்கு மாறினாலும் நிகோட்டின் நிகோட்டின்தான்.

நிறுத்துவது எப்படி என்பதில் வீரம் காட்ட வேண்டாம். மன உறுதியை மட்டும் நம்பித் திடீரென்று நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள். நிகோட்டின் ஒட்டுப்பட்டையும் மெல்லும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு கூடும். வேரெனிக்ளின் என்ற மாத்திரையும் நன்றாக வேலை செய்கிறது. அதை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். முதல் வாரம்தான் கொடுமை. எரிச்சல், தலைவலி, தூக்கக்கேடு எல்லாம் வரும்; மூன்று நான்கு வாரங்களில் அடங்கும். ஒவ்வொரு முறையும் எழும் வேட்கை சில நிமிடங்கள்தான் நிற்கும். உங்களுக்குப் பெரிய கண்ணி சனிக்கிழமை இரவு. மதுவும் கையில் சிகரெட்டோடு நண்பர்களும் இருக்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு புகையை மட்டும் விடுவது நடக்காது. இரண்டையும் சேர்த்தே விடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சனிக்கிழமை மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நம்புகிறேன். ஆனால் தினமும் குடிக்கும் பழக்கம் இருந்து, காலையில் கை நடுங்குகிறது என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். அதற்கு மருத்துவ மேற்பார்வை வேண்டும்.

அடுத்த குழந்தைக்கு முன்

‘பீர் மட்டும் குடிக்கலாமா, ஆறு மாதமா, ஓராண்டா’ என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். பீரில் சலுகை கிடையாது. 5 சதவீத ஆல்கஹால் உள்ள 330 மில்லி பீரில் ஏறக்குறைய 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 40 சதவீத மது 40 மில்லியிலும் அதே அளவுதான். கல்லீரலுக்கும் விந்தணுவுக்கும் பாட்டிலின் வடிவம் தெரியாது.

அந்த ஆய்வை எழுதியவர்கள் ஆண்கள் குறைந்தது ஆறு மாதமும் பெண்கள் ஓராண்டும் முன்பே நிறுத்த வேண்டும் என்றார்கள். ஆண்களுக்கு ஆறு மாதம் என்பதை ஏற்கிறேன். விந்தணு உருவாகும் மூன்று மாதச் சுற்று இரண்டு முறை முடியும். பெண்களுக்கு ஓராண்டு என்பதற்கு உடலியல் அடிப்படை எனக்குப் புலப்படவில்லை. கருத்தரிக்க முயலும் மாதத்திலிருந்து ஒரு துளியும் வேண்டாம் என்றுதான் என்னிடம் வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். ஓராண்டுக் கணக்கை உங்கள் அம்மா கேள்விப்படாமல் இருப்பது நல்லது.

அவசரமும் இல்லை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல 24 மாதங்களாவது பொறுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மகனின் சிகிச்சை முடியவும் மனைவியின் உடல் தேறவும் அந்த நாட்கள் வேண்டும். புகையை விட்டு, ஒருமுறை சறுக்கி, மறுபடி விடுவதற்குக்கூட நேரமிருக்கிறது.

அடுத்த குழந்தைக்கும் வருமா? ஒரு குழந்தைக்கு இதயக் குறை இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு 100க்கு 2 முதல் 5 வரை. பொதுவான வாய்ப்பு 100க்கு ஒன்று என்று மேலே பார்த்தோம். அதாவது, நீங்கள் குடிப்பதைவிட, முதல் குழந்தைக்கு இருந்தது என்பதே பெரிய எண். ஆனால் அதை உங்களால் மாற்ற முடியாது. மறுபக்கம், 100க்கு 95 பேருக்கு மேல் இதயத்தில் குறையில்லாமல்தான் பிறப்பார்கள். பழக்கங்களை விட்டால் குறை வரவே வராது என்ற உத்தரவாதம் மட்டும் யாரும் தர முடியாது. குடிக்காத, புகைக்காத எத்தனையோ பெற்றோரின் குழந்தைகளுக்கு நான் சிகிச்சை தந்திருக்கிறேன்.

முயற்சியைத் தொடங்கும் முன் உங்கள் மனைவி ஒருமுறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். சர்க்கரை அளவு, ரூபெல்லா எதிர்ப்பு ஆற்றல் இரண்டையும் சோதிக்க வேண்டும். ரூபெல்லா தடுப்பூசி தேவைப்பட்டால் போட்டு ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்க வேண்டும். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி முதல் 12 வாரம்வரை எடுக்க வேண்டும். இது தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பது உறுதி, இதயத்துக்கும் உதவலாம். வேறு ஏதாவது மருந்து தினமும் எடுக்கிறார் என்றால், தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள், வழக்கமான ஸ்கேனோடு நில்லாமல், கருவின் இதயத்துக்கான தனி எக்கோவைக் குழந்தை இதய மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு இதயத்தைத் தவிர வேறு உறுப்பிலும் குறை இருந்தாலோ, உங்கள் இரு குடும்பங்களில் வேறு யாருக்காவது பிறவி இதயக் குறை இருந்தாலோ மரபணு ஆலோசனையும் தேவைப்படும்.

மகனுக்கு இப்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவனைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வகை ஓட்டைகளில் பல தானாகவே சுருங்குகின்றன, சில முழுதாக மூடிக்கொள்கின்றன. சுவரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. மூடாமல், எடையும் ஏறாமல், நுரையீரல் அழுத்தமும் உயர்ந்தே இருந்தால் முதல் பிறந்தநாளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். அனுபவமுள்ள மையங்களில் அதில் உயிராபத்து 100க்கு ஒன்றிரண்டைத் தாண்டாது. பெரிய ஓட்டையை அப்படியே ஆண்டுக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து. நுரையீரல் ரத்தக்குழாய்கள் நிரந்தரமாகத் தடித்துவிட்டால் பிறகு மூடவும் முடியாமல் போகும். தடுப்பூசிகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள். குழந்தை நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே தசை உள்ளிழுத்து மூச்சு வாங்கினாலோ இரவு என்றும் பாராமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு எக்கோவின்போதும் மனைவி குழந்தையோடு உள்ளே போவார், நீங்கள் வெளியே படிக்கட்டில் நின்று புகைப்பீர்கள் என்று. அடுத்த முறை நீங்களும் உள்ளே போங்கள். திரையில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் குழம்பிப் பீறிடுகிற இடம் ஒன்று தெரியும், அதுதான் ஓட்டை. அதைக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் இருக்கிறது, இப்போது எத்தனை மில்லிமீட்டர், நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, போன முறையைவிட எடை எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய தாளை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.